பட்டதும் அறிந்ததும்

கணக்கில் ஒரு பிழை. ஒரு வரிசையை இரண்டு முறை கூட்டியிருந்தேன். வேலைக்குச் சேர்ந்து நான்காவது மாதம். நீள மேசையைச் சுற்றிப் பதினோரு பேர் உட்கார்ந்திருக்க, மேலாளர் அந்தத் தாளை எடுத்துப் பிழை இருந்த வரியை விரலால் தொட்டு, "இதைச் சரிபார்த்தீங்களா?" என்று கேட்டார். "பார்த்துட்டேன் சார்" என்றேன். அவர் எதுவும் சொல்லாமல் எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுக் கூட்ட ஆரம்பித்தார். முடித்ததும் தாளை என் முன்னால் வீசினார். மொத்தம் ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. என் காது மடல் இரண்டும் சுட்டதும், யாரோ பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த சத்தமும் இன்றுவரை அப்படியே இருக்கின்றன.

அந்த ஒரு நிமிடத்திலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம், "எனக்குக் கணக்கு வராது" என்பது. ஏறக்குறைய ஒன்பது வருடம் அதை நம்பினேன். எண்கள் இருக்கிற வேலை எது வந்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் நைசாகத் தள்ளிவிடுவேன். பட்டால்தான் புத்தி வரும் என்பார்கள். பட்டேன். எனக்கு வந்ததை புத்தி என்று சொல்ல முடியாது. ஒதுங்கத் தெரிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

அனுபவத்தில் வரும் அறிவைத் தமிழில் பட்டறிவு என்கிறோம். படுவதும் அறிவதும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டிருப்பதால், முதலாவது நடந்தால் இரண்டாவது தானாக வந்துவிடும் என்று தோன்றிவிடுகிறது. வருவதில்லை. நடுவில் ஒரு வேலை இருக்கிறது. பெரும்பாலும் நாம் விட்டுவிடுவது அதைத்தான்.

வலித்த நினைவு ஏன் இவ்வளவு ஆழமாகப் பதிகிறது என்பதற்கு மூளையில் நேரடியான காரணம் உண்டு. பயமோ அவமானமோ தாக்கும்போது அட்ரினலினும் கார்டிசாலும் சுரக்கின்றன. மூளையின் பக்கவாட்டில், உள்ளே, ஒரு பாதாம் பருப்பு அளவுக்கு அமிக்டலா என்ற பகுதி இருக்கிறது. இந்தச் சுரப்புகளால் அது முடுக்கிவிடப்பட்டு, நினைவுகளைச் சேர்த்துவைப்பதில் முக்கியப் பங்காற்றும் ஹிப்போகேம்பஸுக்கு "இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்" என்று சொல்கிறது. ஜேம்ஸ் மெக்கா என்ற நரம்பியல் ஆய்வாளர் பல பத்தாண்டுகள் இதையே ஆராய்ந்தார். விலங்குக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்து முடித்த பிறகு அட்ரினலின் செலுத்தினாலும் அந்த நினைவு வலுப்படுகிறது என்று இந்தத் துறையின் சோதனைகள் காட்டின. அதாவது, சம்பவம் முடிந்து தனியாக உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருக்கும் நேரத்திலும் பதிவு நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்த ஏற்பாட்டின் அக்கறையெல்லாம் நம்மை உயிரோடு வைத்திருப்பதில்தான். நமக்குப் பாடம் புரிந்ததா என்று அது பார்ப்பதில்லை. அதனால் ஆபத்தின் மையம் கூர்மையாகப் பதியும், ஓரங்கள் மங்கிப்போகும். துப்பாக்கிமுனையில் நின்றவர்களுக்குத் துப்பாக்கி நன்றாக நினைவிருக்கும், அதைப் பிடித்திருந்தவனின் முகம் பெரும்பாலும் அவ்வளவு நன்றாக நினைவிருக்காது. சாட்சியம் பற்றிய ஆய்வுகளில் இது பழைய செய்தி. என் நினைவில் மையத்தில் இருந்தது காதுச் சூடு. கற்றுக்கொள்ள வேண்டியதெல்லாம் ஓரத்தில் கிடந்தது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தக் கூட்டத்தில் இருந்த மூத்த சக ஊழியர் ஒருவரைப் பல வருடம் கழித்துச் சந்தித்தேன். "அன்னைக்கு அவர் தாளை என் முன்னால வீசினாரே, ஞாபகம் இருக்கா அக்கா?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். "வீசலையேம்மா. உன் பக்கம் நகர்த்தி வச்சார். நீ எடுக்கறப்ப கை நடுங்கிக் கீழ விழுந்துச்சு." எனக்குக் கோபம் வந்தது. பொய் சொல்கிறார் என்றுகூடத் தோன்றியது. தாள் காற்றில் வந்த கோணம் வரை எனக்குத் தெரியுமே!

தெரியும் என்பதால் நடந்தது என்று ஆகிவிடாது. 1986 ஜனவரி 28 அன்று சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலையிலேயே உல்ரிக் நைசர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, செய்தியை எங்கே, யார் சொல்ல, என்ன செய்துகொண்டிருந்தபோது கேட்டீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார். இரண்டரை வருடம் கழித்து அவரும் நிக்கோல் ஹார்ஷும் அவர்களில் 44 பேரிடம் அதே கேள்விகளைக் கேட்டார்கள். 11 பேர் முக்கிய விவரம் ஒன்றைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை. அப்படித் தவறாகச் சொன்னவர்களிலும் பலர் அடித்துச் சொன்னார்கள். அவர்கள் கையெழுத்திலேயே இருந்த பழைய தாளைக் காட்டியபோதும் பழைய நினைவு திரும்ப வரவில்லை. தாள்தான் அவர்களுக்கு அந்நியமாகத் தெரிந்தது.

நினைவு என்பது பெட்டியில் பூட்டிவைத்த புகைப்படம் மாதிரி என்ற எண்ணத்துக்கு 2000-இல் இன்னொரு அடி விழுந்தது. கரீம் நாடர், க்ளென் ஷாஃபே, ஜோசப் லெடூ மூவரும் எலிகளுக்கு ஓர் ஒலியோடு சேர்த்து மின் அதிர்ச்சி கொடுத்து, அந்த ஒலிக்கே பயப்படும்படி பழக்கினார்கள். பிறகு ஒலியை மட்டும் எழுப்பி அந்த நினைவைக் கிளறிவிட்டு, நினைவு கெட்டிப்படத் தேவையான புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்து ஒன்றை உடனே அமிக்டலாவில் செலுத்தினார்கள். அந்த எலிகளுக்குப் பயம் வெகுவாகக் குறைந்துவிட்டது. ஒலியை எழுப்பாமல், வெறுமனே மருந்தை மட்டும் பெற்ற எலிகளிடம் பயம் குறையவில்லை. கெட்டிப்பட்டதாக நினைத்த நினைவு, வெளியே எடுக்கப்பட்டதும் சிறிது நேரம் இளகிப்போய், மறுபடி கெட்டிப்பட வேண்டியிருக்கிறது என்பதுதான் அவர்கள் சொன்னது. மனிதர்களிடம் இதைச் செய்துபார்த்தபோது முடிவுகள் ஒரே மாதிரி வரவில்லை, ஆகவே "நினைவை அழிக்கலாம்" என்ற பரபரப்பை ஒதுக்கிவைப்பது நல்லது. அன்றாட அளவில் ஒரு விஷயம் மட்டும் போதும்: ஒரு நினைவை எடுக்கும் ஒவ்வொரு முறையும் நாம் அதைத் தொடுகிறோம், தொட்டபின் திரும்ப வைக்கிறோம். எந்த மனநிலையில் எடுத்தோமோ அதன் கறையும் சேர்ந்துதான் உள்ளே போகிறது. ஒன்பது வருடம் நான் எடுத்து எடுத்து வைத்ததில், மேசையில் நகர்ந்த ஒரு தாள் காற்றில் பறக்கக் கற்றுக்கொண்டிருக்கலாம்.

அப்படியானால் அடிக்கடி நினைத்துப் பார்ப்பது நல்லதா, கெட்டதா? எப்படி நினைக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

இனிமையான நினைவுகளை அசைபோடுகிறோம் என்போம். கசப்பானதை யாரும் அசைபோடுவதாகச் சொல்வதில்லை. "மனசுல ஓடிக்கிட்டே இருக்கு", "அரிச்சுக்கிட்டே இருக்கு" என்போம். சொல்வழக்கு சரியாகத்தான் பிரித்து வைத்திருக்கிறது. சூசன் நோலன்-ஹோக்ஸிமா இந்த அரிப்பைத்தான் ஆய்வுப்பொருளாக எடுத்தார். 1989 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவில் லோமா ப்ரீட்டா நிலநடுக்கம் வந்தது. அதற்குச் சுமார் இரண்டு வாரம் முன்பு, தற்செயலாக, ஸ்டான்ஃபோர்ட் மாணவர்களிடம் அவர்கள் மனம் சோரும்போது என்ன செய்வார்கள் என்று அவர் கேட்டுப் பதிவுசெய்திருந்தார். நிலநடுக்கத்துக்குப் பத்து நாள் கழித்தும் ஏழு வாரம் கழித்தும் அவர்களை மறுபடி பார்த்தார். சோர்வு வந்தால் "எனக்கு ஏன் இப்படி" என்று அதையே சுற்றிச்சுற்றி நினைக்கும் பழக்கம் முன்பே இருந்தவர்களிடம்தான் மனச்சோர்வு அதிகமாகத் தங்கியிருந்தது.

இதில் ஏமாற்றுவது என்னவென்றால், சுற்றிச்சுற்றி நினைப்பவருக்குத் தான் ஏதோ தீர்வு தேடிக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும். எனக்கும் அப்படித்தான். இரவு படுத்தபின் அந்த அறைக்குத் திரும்பிப் போவேன், "நான் ஏன் இப்படி இருக்கிறேன்" என்று கேட்பேன், "உதவாக்கரை" என்று பதில் வரும், அடுத்த சுற்று. அந்த ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட "அதற்கு முந்தைய நாள் என்ன நடந்தது?" என்று கேட்டதில்லை. நான் சம்பவத்தைப் பார்க்கவே இல்லை. தீர்ப்பை மட்டும் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தேன். "ஏன் இப்படி?" என்ற கேள்வி பெரும்பாலும் தீர்ப்பில்தான் கொண்டுபோய் விடும். "என்ன நடந்தது, எந்த வரிசையில்?" என்று கேட்டால் அறைக்குள் போக வேண்டியிருக்கும்.

அறைக்குள் போக எளிய வழி எழுதுவது. 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், தினமும் 15 நிமிடம் எழுத வைத்தார்கள். சிலருக்குச் சாதாரண விஷயங்கள், சிலருக்குத் தங்கள் வாழ்வின் மிகக் கடினமான அனுபவம். நடந்ததையும் அதைப் பற்றி உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவ மையத்துக்குக் குறைவாகப் போனார்கள். எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் இன்னும் கனமாகத்தான் இருந்தது. இதைச் சொல்லாமல் "எழுதினால் லேசாகிவிடும்" என்று மட்டும் சொல்பவர்கள் பாதியை மறைக்கிறார்கள். பின்னால் வந்த நூற்றுக்கணக்கான ஆய்வுகளில் பலன் சராசரியாகச் சிறியதாகவே தெரிந்தது. எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. எழுதியவர்கள் பயன்படுத்திய சொற்களைப் பென்னிபேக்கர் பிறகு எண்ணிப் பார்த்தார். நாள் போகப்போக "அதனால்", "ஏனென்றால்", "இப்போது புரிகிறது" போன்ற சொற்கள் கூடியவர்களுக்குத்தான் பலன் அதிகம். முதல் நாளே எல்லாம் புரிந்தவர் மாதிரி எழுதியவர்களுக்கோ, நான்கு நாளும் ஒரே புலம்பலை எழுதியவர்களுக்கோ அந்த அளவுக்கு இல்லை.

நான் எழுதியது ஒரு பழைய நோட்டின் கடைசிப் பக்கங்களில். முதல் நாள் வெறும் திட்டு. இரண்டாம் நாள் என்ன எழுதுவது என்று தெரியாமல், முந்தைய நாள் மாலையிலிருந்து ஆரம்பித்தேன். அப்போதுதான் வந்தது: தாளை முடித்தது இரவு பத்தரை மணிக்கு. இரண்டாவது பக்கத்தில் ஒரு தலைப்பு எனக்குப் புரியவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் கிளம்பும்போது, "ஏதாவது கேக்கணுமா?" என்று நின்று கேட்டார். "இல்லங்க, முடிஞ்சிருச்சு" என்றேன். அந்தப் புரியாத தலைப்பின் கீழ் இருந்த வரிசையைத்தான் இரண்டு முறை கூட்டியிருந்தேன். மறுநாள் மேலாளர் கேட்டதற்கும் அதே பதில்: "பார்த்துட்டேன் சார்." பார்க்கவில்லை.

அப்படியானால் இது கணக்குப் பிழையே அல்ல. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, பதினான்கு மணி நேரத்துக்குள் இரண்டு முறை ஒரே பொய்யைச் சொல்லியிருக்கிறேன். ஒன்பது வருடம் எண்களை விட்டு ஓடினேன், அந்தப் பழக்கமோ அத்தனை வருடமும் கூடவே வந்துகொண்டிருந்தது.

இதை எழுதும்போது என்னை "அவள்" என்று குறிப்பிட்டு எழுதினேன். யாரும் சொல்லித்தந்து அல்ல, "நான்" என்று எழுத நாணமாக இருந்ததால். ஈதன் கிராஸும் ஓஸ்லெம் ஐடுக்கும் இந்த விலகலைத்தான் வருடக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது. தன் கண் வழியாகச் சம்பவத்தைத் திரும்பப் பார்ப்பவர்கள் மறுபடி அதே கோபத்தில் மூழ்குகிறார்கள். சற்றுத் தள்ளி நின்று, அறையில் இருக்கும் இன்னொருவர் போலத் தன்னையும் சேர்த்துப் பார்ப்பவர்கள் கொதிப்பு குறைந்து, காரணங்களை யோசிக்கிறார்கள். "நான்" என்பதற்குப் பதிலாகத் தன் பெயரைச் சொல்லி நினைத்தாலும் ஓரளவு இதே விளைவு. நம் நண்பருக்கு நேர்ந்ததை நாம் எவ்வளவு நிதானமாகப் புரிந்துகொள்கிறோம். அந்த நிதானத்தைக் கடன் வாங்கும் தந்திரம்தான் இது.

பாடம் தேடும்போது காலில் இடறும் ஒரு கல் உண்டு: "அப்பவே தெரிஞ்சிருக்கணும்." 1970-களில் பாரூக் ஃபிஷ்ஹாஃப் இதை அளந்து காட்டினார். அமெரிக்க அதிபர் நிக்சன் 1972-இல் சீனாவுக்குப் போவதற்கு முன், என்னென்ன நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று மாணவர்களிடம் கேட்டு வைத்துக்கொண்டார்கள். பயணம் முடிந்தபின், முன்பு என்ன பதில் சொன்னீர்கள் என்று கேட்டார்கள். உண்மையில் நடந்தவற்றுக்கு, தாங்கள் முன்பு சொன்னதைவிட அதிக வாய்ப்பைக் கொடுத்ததாகவே பலர் நினைவுகூர்ந்தார்கள். முடிவு தெரிந்ததும் மூளை பழைய அறியாமையை அழித்துவிடுகிறது. முறிந்த உறவையோ இழந்த மனிதரையோ நினைத்து, "எல்லா அறிகுறியும் கண்ணெதிரே இருந்ததே" என்று தன்னையே அடித்துக்கொள்பவர் இதில்தான் சிக்கியிருக்கிறார். அறிகுறிகள் இருந்திருக்கலாம். அவற்றோடு ஆயிரம் வேறு விஷயங்களும் அன்று கண்ணெதிரே இருந்தன. அன்றைக்கு எனக்கு என்ன தெரியும் என்பதை மட்டும் வைத்துத்தான் அன்றைய என்னை விசாரிக்க முடியும்.

விசாரணை என்றதும் விமானிகள் நினைவுக்கு வருகிறார்கள். 1974 டிசம்பர் 1 அன்று வாஷிங்டன் அருகே டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வந்த ஒரு விமானம் மலையில் மோதி, அதில் இருந்த 92 பேரும் இறந்தார்கள். இறங்கும் பாதைக் குறிப்பையும் கட்டுப்பாட்டு அறையின் அனுமதியையும் விமானிகள் தவறாகப் புரிந்துகொண்டிருந்தனர். ஆறு வாரம் முன்பு வேறொரு நிறுவனத்தின் விமானிகள் அதே இடத்தில் அதே குழப்பத்தில் சிக்கி, மயிரிழையில் தப்பியிருந்தார்கள் என்பது விசாரணையில் தெரியவந்தது. அந்த நிறுவனம் தன் விமானிகளை எச்சரித்தது. மற்றவர்களுக்குச் செய்தி போகவில்லை. 1976-இல் நாசா நடத்தும் ஓர் அறிக்கை முறை தொடங்கப்பட்டது. தெரியாமல் செய்த தவற்றைப் பத்து நாளுக்குள் தானே எழுதி அனுப்பும் விமானியின் பெயர் நீக்கப்படும், பொதுவாகத் தண்டனை விலக்கும் உண்டு. தண்டனைக்குப் பயந்தால் யாரும் உண்மையை எழுத மாட்டார்கள் என்பது அவர்களுக்குப் புரிந்திருந்தது. நம் மனதிலோ புகார் எழுதுபவரும் நீதிபதியும் தண்டனை தருபவரும் ஒரே ஆள். இந்த அலுவலகத்தில் யார் உண்மையான அறிக்கை கொடுப்பார்கள்?

கிடைத்த பாடம் சரியானதா என்று பார்க்க நான் வைத்திருக்கும் சோதனை அதன் அளவுதான். "இனி யாரையும் நம்பக் கூடாது", "எனக்கு எதுவும் அமையாது" என்பவை அளவில் பெரியவை. தவறென்று காட்ட வாய்ப்பே தராதவை, ஏனென்றால் இவற்றை நம்புகிறவர் நம்பிப் பார்க்கும் சந்தர்ப்பத்தையே மூடிவிடுகிறார். "பணம் கொடுக்கும் முன் எழுதி வாங்கிக்கொள்", "களைத்திருக்கும்போது முக்கியமான செய்திக்குப் பதில் அனுப்பாதே" என்பவை சின்னவை. அடுத்த வாரமே செய்துபார்க்கலாம், தவறென்றால் மாற்றலாம். துயரம் பெரிதாக இருந்தால் பாடமும் பெரிதாக இருக்க வேண்டும் என்று நமக்கு ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது, அதை விட்டுவிட வேண்டும்.

"அந்தக் கஷ்டம்தான் என்னை வளர்த்தது" என்று சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ரிச்சர்ட் டெடெஸ்கியும் லாரன்ஸ் கால்ஹௌனும் இத்தகைய வளர்ச்சிக்கு ஒரு பெயர் கொடுத்து, 1996-இல் அதை அளக்க 21 வாசகங்கள் கொண்ட அளவுகோலையும் வெளியிட்டார்கள். உறவுகளில் நெருக்கம், வாழ்க்கையின் அருமை புரிவது, உள்ளே இருக்கும் பலம் தெரிவது போன்றவை அதில் அடங்கும். ஆனால் பெட்ரீஷியா ஃப்ரேசியரும் சகாக்களும் 2009-இல் ஒரு குறும்பான காரியம் செய்தார்கள். துயரம் நேர்வதற்கு முன்பும் பின்பும் மாணவர்களை அளந்து, உண்மையில் ஏற்பட்ட மாற்றத்தையும் "நான் வளர்ந்துவிட்டேன்" என்று அவர்களே சொன்னதையும் ஒப்பிட்டார்கள். இரண்டுக்கும் பெரிய தொடர்பு இல்லை. வளர்ந்துவிட்டோம் என்ற எண்ணம் பல நேரங்களில் வலியைத் தாங்கிக்கொள்ள நாமே தரும் ஆறுதல். ஆறுதல் தப்பில்லை, ஆனால் அதை வளர்ச்சி என்று எண்ணிவிடக் கூடாது. சோகத்தை வென்ற கதையைச் சொல்லிக்கொண்டே அதே தவற்றைச் செய்பவர்கள் எனக்கு நிறையப் பேர் தெரியும். நானும் சில வருடம் அந்தக் கூட்டத்தில் இருந்தேன்.

இதுவரை சொன்னதெல்லாம் சுடும் நினைவுகளுக்கு. எரித்துவிட்ட நினைவுகளுக்கு அல்ல. விபத்து, வன்முறை, பாலியல் கொடுமை போன்றவற்றுக்குப் பிறகு சிலருக்கு நினைவு "அப்போது நடந்தது" என்று வருவதில்லை, "இப்போது நடக்கிறது" என்று வருகிறது. உடல் நடுங்கி, மூச்சு முட்டி, தூக்கம் போய். அங்கே நோட்டை எடுத்து உட்காருவது போதாது, பயிற்சி பெற்ற மனநல நிபுணர் வேண்டும். பேசவைத்தால் சரியாகும் என்ற நல்லெண்ணமும் சறுக்கியிருக்கிறது. பேரிடர் முடிந்த சில நாட்களுக்குள் பாதிக்கப்பட்டவர்களை ஒரே ஒரு அமர்வில் உட்காரவைத்து நடந்ததை விவரிக்கச் சொல்லும் முறை 1980-களிலிருந்து பல நாடுகளில் பரவியது. தீக்காயம் பட்டவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 1997-இல் வந்தது. 13 மாதம் கழித்து, அப்படிப் பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதத்தினருக்கு அதிர்ச்சிக்குப் பின்னான மன அழுத்த நோய் இருந்தது. பேசவைக்கப்படாதவர்களில் 9 சதவீதம். பேசவைக்கப்பட்டவர்களின் காயம் தொடக்கத்திலேயே சற்றுக் கடுமையாக இருந்தது என்ற ஐயப்பாடு உண்டு. ஆனாலும் 2002-இல் இதைப் பற்றிய ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பாய்வு, யாரையும் கட்டாயப்படுத்தி இப்படிப் பேசவைப்பதை நிறுத்த வேண்டும் என்றே சொன்னது. எப்போது திறப்பது, யாரிடம் திறப்பது என்பது பட்டவரின் உரிமை.

சில வலிகளில் பட்டவர் கற்றுக்கொள்ள எதுவுமே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிறு வயதில் அடிபட்ட குழந்தையிடம் போய் "இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்" என்று கேட்பது கொடுமை. கற்க வேண்டியவர் அடித்தவர்.

சரி, என் கதைக்கு வருகிறேன். போன மாதம் ஒரு கூட்டத்தில், நான் அனுப்பிய அட்டவணையைத் திரையில் காட்டி ஒருவர் கேட்டார்: "கடைசிப் பத்தியைச் சரிபார்த்துட்டீங்களா மேடம்?" காது மடல் பழையபடி சுட்டது. நாக்கு நுனியில் "பார்த்துட்டேன்" வந்து நின்றது. "இன்னும் இல்லங்க, அரை மணி நேரம் குடுங்க" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். பார்த்ததில் ஒரு பிழை இருந்தது, திருத்தி அனுப்பினேன். காதுச் சூடு இறங்கத்தான் சாயங்காலம் ஆனது.